பத்து நிமிட அமர்வும் ஒரு தொட்டிப் பாத்திரமும்: ஜென் வழியில் முதல் மண்டலம்

பௌத்தத்தின் தியான மரபு ஒன்றைக் குறிக்கும் ஜென் என்ற சொல் நமக்கு அந்நியமானதன்று. தியானம் என்ற சொல்லே பாலி மொழியில் ஜான என்றாகி, சீனத்தில் சான் என்று சுருங்கி, ஜப்பானில் ஜென் என்று ஒலித்தது. சீனத்தில் இம்மரபின் முதல் ஆசானாகப் போற்றப்படும் போதிதருமர், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. அவரைக் காஞ்சிபுரத்தோடு இணைப்பது பிற்காலத்து வழக்கு. எனவே ஜென் பயிற்சியையும் நம் நாட்டு ஆன்மிக நெறிகளையும் அன்றாட வாழ்வில் சேர்த்துக் கடைப்பிடிப்பது, ஒட்டாத இரண்டை வலிந்து ஒட்டும் வேலையாக இராது.

ஒருநாளும் தியானத்தில் அமர்ந்து பாராதவர்களையும், அமர்ந்து பார்த்துச் சில நாள்களில் விட்டுவிட்டவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கேட்டுக்கொள்வது இரண்டே காரியங்கள்தான்: நாள்தோறும் பத்து நிமிடம் அமர்வது, நாள்தோறும் ஒரு வீட்டு வேலையை முழுக் கவனத்தோடு செய்வது. இவ்விரண்டையும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், செய்து பாருங்கள். அதுவரை புதிய நூல்கள், காணொளிகள், முகாம்கள் எதுவும் வேண்டாம். இதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். தொடக்கத்தில் நிறையப் படித்துவிட்டு, முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலியும் ஏமாற்றமும் சேர்ந்து ஒன்பதாம் நாளோடு அது நின்றுபோனது. மீண்டும் பாயை விரிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்த முறை பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டதால்தான் பயிற்சி நிலைத்தது.

இடமும் இருக்கையும்

வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன் கிடைக்கும் கால் மணி நேரமே பெரும்பாலானோருக்கு ஒத்துவருகிறது. இரவில் அமரலாம் என்று நினைப்பவர்கள் உண்ட களைப்பில் தூங்கிவிடுகிறார்கள். பூசையறை இருந்தால் அங்கேயே அமரலாம். இல்லையென்றால் ஒரு பாய் விரிக்குமளவு சுவரோரம் போதும். ஜப்பானின் சோட்டோ ஜென் பிரிவினர் சுவரை நோக்கித்தான் அமர்கிறார்கள். போதிதருமர் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது அவர்கள் போற்றும் கதை. கண்ணுக்கு எதிரே இரண்டு மூன்று அடி தொலைவில் வெறும் சுவர் இருப்பது புதியவர்களுக்கு நல்ல துணை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதபோது கண் அலைவது குறைகிறது. கைப்பேசியை ஓசையடக்கி, பத்து நிமிடத்துக்கு மெல்லிய மணி ஒன்றை வைத்து, கைக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். மடங்களில் ஊதுபத்தி எரிந்து முடியும் நேரத்தையே ஓர் அமர்வாகக் கணக்கிட்டார்கள். அது ஏறத்தாழ 40 நிமிடம். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

ஜென் அமர்வில் பயன்படும் வட்ட மெத்தையில் இலவம் பஞ்சைத்தான் அடைக்கிறார்கள். நம் வீட்டு இலவம் பஞ்சுத் தலையணையை இரண்டாக மடித்துப் போட்டால் அதே பயன் கிடைக்கும். அதன் நடுவில் அமராமல் முன்விளிம்பில் அமருங்கள். இடுப்பு உயர்ந்து, இரண்டு முழங்கால்களும் பாயைத் தொடவேண்டும். தொடவில்லையென்றால் முழங்காலைக் கையால் அழுத்தாதீர்கள், தலையணையின் உயரத்தைக் கூட்டுங்கள். பத்மாசனம் வருபவர்கள் அவ்வாறு அமரலாம், வராதவர்களுக்குச் சம்மணம் போதும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியின் முன்பாதியில், சாய்ந்துகொள்ளாமல், பாதங்கள் தரையில் பதிய அமரலாம். இதனால் பயிற்சியில் ஒரு குறையும் வந்துவிடாது. நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்பதுதான் பதஞ்சலி சொன்ன இலக்கணம். கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிக உயரமும் மிகத் தாழ்வும் இல்லாத இருக்கையைத் தூய இடத்தில் அமைத்துக்கொள்ளச் சொல்கிறது.

முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைத்திருக்கக் கூடாது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும் பெண்ணின் முதுகையும் கழுத்தையும் நினைத்துக்கொண்டால் வேண்டிய அளவு விளங்கிவிடும். அமர்ந்தவுடன் உடலை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, அசைவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நடுவில் நிற்கவிடுங்கள். வாய் மூடியிருக்கட்டும், நாவின் நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டிருக்கட்டும். வலக்கையின் மேல் இடக்கையை மல்லாத்தி வைத்து, இரு கட்டைவிரல்களின் நுனியும் பட்டும் படாமலும் தொடுமாறு தொப்புளுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் புத்தர் சிலைகளில் பெரும்பாலும் வலக்கை மேலே இருக்கும். ஜென் மரபில் இடக்கை மேலே. எதை வைத்தாலும் கட்டைவிரல்களைக் கவனியுங்கள். தூக்கம் வரும்போது அவை சரிந்துவிடும். மனம் இறுகும்போது ஒன்றையொன்று அழுத்தும். கண்ணாடி இல்லாமலே நம் நிலையை நமக்குக் காட்டுபவை அவை. கண்களை முழுதும் மூடாமல், பார்வையைத் தாழ்த்தி, பாதி திறந்த நிலையில் விடுங்கள். கண்ணை மூடியே பழகியவர்கள் அப்படியே தொடரலாம், ஆனால் விடியற்காலையில் மூடிய கண் விரைவில் உறக்கத்துக்கு இட்டுச்செல்லும்.

மூச்சை எண்ணுதல்

மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். மூச்சை இழுத்தல், நிறுத்தல், விடுதல் என்று திருமூலர் சொல்லும் பூரக, கும்பக, ரேசகக் கணக்குகள் ஆசிரியரிடம் நேரில் கற்க வேண்டியவை. ஏட்டைப் பார்த்துத் தனியாக முயலக் கூடாதவை. தொடக்கத்தில் செய்யவேண்டியது மிக எளிது. மூச்சு தானாக வெளியேறும்போது மனத்துக்குள் ‘ஒன்று’ என்று, அந்த வெளிமூச்சு முடியும்வரை நீட்டிச் சொல்லுங்கள். அடுத்த வெளிமூச்சுக்கு ‘இரண்டு’. இவ்வாறு பத்துவரை சென்று, மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை தவறிவிட்டால், எங்கே தவறியது என்று ஆராயாமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரத்தில் நான்கைத் தாண்டுவதே அரிதாக இருக்கும். சில நாள் ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் பத்தில் நிற்கவில்லை என்பது நினைவுக்கு வரும். வாய் எண்ணிக்கொண்டிருக்க, மனம் மின்கட்டணத்தையோ மகளின் தேர்வையோ பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கும். புதியவர்கள் பலர் ‘எனக்குத் தியானம் வரவில்லை’ என்று எழுந்துவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் பயிற்சி தொடங்குவதே இங்குதான். மனம் போய்விட்டது என்று தெரிந்த அந்தக் கணம் விழிப்பின் கணம். அங்கிருந்து கடிந்துகொள்ளாமல் ‘ஒன்று’க்குத் திரும்புவதே நீங்கள் கற்றுக்கொள்ளும் செயல். பத்து நிமிடத்தில் இருபது முறை திரும்பினீர்களென்றால் இருபது முறை பயின்றீர்கள் என்று பொருள். எண்ணங்களை விரட்ட முயலாதீர்கள், விரட்டுகிறேன் என்பதும் இன்னோர் எண்ணமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே நாமம் அல்லது மந்திரம் சொல்லிப் பழகியவர்கள் எண்ணுக்குப் பதில் அதையே வெளிமூச்சோடு இணைத்துக்கொள்ளலாம். எந்தச் சமயத்தவரும் தம் சமயத்தை விடாமல் இதைச் செய்ய இயலும்.

நான்காம் வாரத்திலிருந்து கடைசி இரண்டு நிமிடங்களுக்கு எண்ணுவதை நிறுத்திவிட்டு, வெறுமனே அமர்ந்திருங்கள். இதைச் சோட்டோ மரபில் ‘ஷிகன்தாசா’ என்பார்கள். உட்காருவது மட்டும் என்று பொருள். நம் மொழியில் இதற்கு அதைவிடச் சிறந்த சொல் இருக்கிறது. முருகன் தமக்கு அருளிய உபதேசமாக அருணகிரிநாதர் பாடியதும், மௌனகுரு தமக்குச் சொன்னதாகத் தாயுமானவர் பல இடங்களில் உருகி நினைவுகூர்வதும் ‘சும்மா இரு’ என்பதுதான். வீட்டில் துறுதுறுவென்று இருக்கும் குழந்தையை அதட்டச் சொல்லும் அதே சொல், அவர்களுக்கு முடிந்த முடிபாக இருந்தது. எதையும் அடைய முயலாமல், எதையும் தள்ள முயலாமல், சுவரும் மூச்சும் தெருவோசையும் இருந்தபடி இருக்க, விழித்திருப்பது என்று இப்போதைக்குப் பொருள்கொள்ளுங்கள்.

மணி ஒலித்ததும் துள்ளி எழவேண்டாம். கால் மரத்துப்போயிருந்தால் உணர்வு திரும்பும்வரை நீட்டி வைத்துக் காத்திருங்கள். பிறகு எழுந்து, ஒரு மூச்சுக்கு அரை அடி என்ற கணக்கில் சமையலறைவரை நடந்து செல்லுங்கள். மடங்களில் இரண்டு அமர்வுகளுக்கு இடையே இவ்வாறுதான் நடக்கிறார்கள்.

ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தல்

1223 இல் டோகென் என்ற இளம் ஜப்பானியத் துறவி உண்மையான பயிற்சியைத் தேடிச் சீனத்துக்குக் கடல் கடந்து போனார். துறைமுகத்தில் அவருடைய கப்பலுக்கு அறுபத்தொரு வயதுத் துறவி ஒருவர் காளான் வாங்க வந்தார். அசோகர் பெயரால் அமைந்த மலை மடம் ஒன்றின் தலைமைச் சமையற்காரர் அவர். இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்று டோகென் வேண்டியபோது, நாளைய உணவை நான் பார்க்கவேண்டும் என்று மறுத்துவிட்டார். இந்த வயதில் தியானத்திலும் நூலாராய்ச்சியிலும் ஈடுபடாமல் சமையலில் உழல்வானேன் என்று டோகென் கேட்க, பெரியவர் சிரித்து, பயிற்சி என்றால் என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்றார். பின்பு வேறொரு மடத்தில், கொளுத்தும் வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல் காளான் உலர்த்திக்கொண்டிருந்த அறுபத்தெட்டு வயதுச் சமையற்காரரைக் கண்டு, இதை வேறு யாரிடமாவது விடலாமே என்றார் டோகென். ‘மற்றவர் நானல்லவே’ என்று விடை வந்தது. இவ்வளவு வெயிலில் ஏன் என்றதற்கு, ‘வேறு எந்த நேரத்துக்குக் காத்திருப்பது?’ என்றார் அவர். ஊர் திரும்பிய டோகென் 1237 இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அரிசியைக் களையும்போது கல்லையும் பார், கல்லைப் பொறுக்கும்போது அரிசியையும் பார். உயரத்தில் இருக்கவேண்டியதை உயரத்திலும் தாழ்வில் இருக்கவேண்டியதைத் தாழ்விலும் வை. ஒரு மணி அரிசியும் வீணாகக் கூடாது என்று அதில் கற்பிக்கிறார்.

திருவண்ணாமலையில் இதற்கு நேரான காட்சி ஒன்று உண்டு. 1896 இல் அவ்வூருக்கு வந்து 1950 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த ரமணர், ஆசிரமம் வளர்ந்த ஆண்டுகளில் விடியுமுன்பே சமையலறைக்குச் சென்று காய் நறுக்கினார், அரைத்தார், சமைத்தார். தம் கையால் இலைகளைத் தைத்தார். உள்ளே அமைதியில் நிலைத்திருந்த ஒருவர் இலை தைப்பதைச் சிறிய வேலையாகக் கருதவில்லை.

எனவே உங்கள் வீட்டில் அன்றாடம் தவறாமல் வரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்: அரிசி களைதல், வாசல் பெருக்குதல், துணி மடித்தல் என்று எதுவாகவும் இருக்கலாம். நான் பாத்திரம் துலக்குவதை எடுத்துக்கொண்டேன், அதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பாட்டோ செய்தியோ பின்னணியில் வேண்டாம். தொட்டியின் முன் நின்று ஒரு மூச்சை முழுதாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள். டம்ளர்கள் முதலில், பிறகு தட்டுகள், எண்ணெய்ப் பிசுக்குள்ளவை கடைசியில். குழாயை நூல்போல் திறந்து வைத்தால் டம்ளர் நிரம்ப நிரம்ப நீரின் ஓசை மேலேறுவது கேட்கும். பிசுக்குப் போய்விட்டதா என்பதைக் கண்ணைவிட விரல் நன்கு அறியும். வழுக்கிக்கொண்டிருந்த விளிம்பு ஒரு கட்டத்தில் விரலைப் பிடித்து மெல்லக் கீச்சிடும். மனம் அலுவலகத்துக்கு ஓடியது தெரிந்தால் ‘கை எங்கே இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கவனம் கைக்குத் திரும்பிவிடும். கழுவியதை இரு கைகளாலும் பிடித்து ஓசையில்லாமல் கவிழ்த்து வையுங்கள். எவர்சில்வர் தட்டு மேடையில் ‘ணங்’ என்று விழுந்தால், அந்த நொடியில் நீங்கள் அங்கே இல்லை என்று பொருள். இதைவிட நேர்மையான அளவுகோலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டு வேலை முழுவதையும் ஏற்கெனவே சுமக்கும் பெண்ணிடம் போய், இதைத் தியானமாகச் செய் என்று சொல்வது ஞானமன்று, கொடுமை. அவருக்கு வேண்டியது ஓய்வு. இப்பயிற்சி, தொட்டிப் பக்கமே போகாதவர்கள் அவரிடமிருந்து ஒரு வேலையை நிரந்தரமாக வாங்கிக்கொள்வதில் தொடங்கவேண்டும். ஜென் மடங்களில் சமையற்காரர் பதவி, பயிற்சியில் முதிர்ந்த மூத்த துறவிகளுக்கே தரப்பட்டது என்பதை ஆண்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாளில் ஒரு வேளையாவது திரை எதுவும் பாராமல் உண்ணுங்கள். முதல் ஐந்து கவளங்களைப் பேசாமல் உண்ணுங்கள். மிக அதிகமாக உண்பவருக்கும் உண்ணாமலே இருப்பவருக்கும், மிக அதிகமாக உறங்குபவருக்கும் உறங்காதவருக்கும் யோகம் கைகூடாது என்று கீதை சொல்வதால், தியானத்துக்காகத் தூக்கத்தைக் குறைக்கவோ பட்டினி கிடக்கவோ வேண்டாம். மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் உபதேசம் கேட்டபோது, ‘கஞ்சி குடித்தாயா?’ என்றார் ஜாவ்ஜோ என்ற சீன ஆசான். குடித்தேன் என்றான். ‘அப்படியானால் கலத்தைக் கழுவு’ என்றார்.

மற்றொரு டம்ளர்

எல்லாவற்றையும் துலக்கி முடித்துக் கையைத் துடைக்கும் நேரத்தில் யாராவது காபி குடித்த டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். நெஞ்சில் சுருக்கென்று ஒன்று எழும். பத்து நிமிட அமர்வு எதற்காக என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும். செயலில்தான் உனக்கு உரிமை, அதன் பயனில் இல்லை என்ற கீதையின் கூற்றை எத்தனையோ முறை கேட்டிருப்போம். துலக்கிய தொட்டி காலியாகவே இருக்கவேண்டும், யாராவது பாராட்டவேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்குள் இருந்தது அந்த ஒரு டம்ளரால் வெளிப்பட்டுவிடுகிறது.

அப்போது செய்யவேண்டியது இது. பேசுவதற்கு முன் மூன்று வெளிமூச்சுகளை எண்ணுங்கள். கோபம் உடலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டையிலா, தாடையிலா, மார்பிலா? பிறகு, ரமணர் 1902 வாக்கில் விரூபாட்சக் குகையில் சிவப்பிரகாசம் பிள்ளைக்கு எழுதிக் காட்டிய வழியை எடுத்துக்கொள்ளலாம். எழும் எண்ணம் எதுவாயினும் ‘இது யாருக்கு?’ என்று கேட்பது. ‘எனக்கு’ என்று தோன்றும். ‘இந்த நான் யார்?’ என்று கவனத்தை வந்த இடத்துக்கே திருப்புவது. விடையை வாக்கியமாகத் தேடக் கூடாது. ‘நான் ஆன்மா’ என்று படித்த விடையைச் சொல்லிக்கொண்டால் விசாரணை அங்கேயே முடிந்துபோகும். கேள்வி கவனத்தை டம்ளரிலிருந்தும் அதைப் போட்டவரிடமிருந்தும் எடுத்து, கோபப்படுபவரின் பக்கம் திருப்பினால் போதும். சில நாள் கோபம் தணியும், சில நாள் தணியாது. தணியாத நாளிலும், சொல்லவேண்டியதைக் குரல் உயராமல் சொல்ல முடிகிறது.

சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவது இப்பயிற்சியின் நோக்கமன்று. அலுவலகத்தில் அநீதி நடந்தால் ‘எல்லாம் மாயை’ என்று அமைதியாக இருப்பதற்கு இது பயன்படக் கூடாது.

விட்டுப்போன நாள்களும் ஆசிரியரும்

48 நாளில் சில நாள் கட்டாயம் விட்டுப்போகும். பயிற்சி நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு செய்யப்படும்போதே உறுதிப்படுகிறது என்பது பதஞ்சலியின் வாக்கு. அதனால் ஊருக்குப் போன நாளிலும் காய்ச்சல் நாளிலும் படுத்தபடியேனும் பத்து மூச்சை எண்ணிவிடுங்கள். அதுவும் முடியாமல் போனால் மறுநாள் இருபது நிமிடம் அமர்ந்து ஈடுகட்ட முயலாமல், வழக்கமான பத்து நிமிடத்துக்கே திரும்புங்கள். ஒரு நாள்காட்டியில் அமர்ந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அன்றைய அனுபவம் எப்படி இருந்தது என்று எழுதவேண்டாம். நல்ல அமர்வு, மோசமான அமர்வு என்று மதிப்பெண் போடத் தொடங்கினால், நேற்றைய அமைதியை இன்று தேடுவதிலேயே பத்து நிமிடமும் கழிந்துவிடும்.

அமரும்போது பதற்றம் மிகுந்தாலோ, பழைய துயர நினைவுகள் தாங்க முடியாமல் எழுந்தாலோ, நிறுத்திவிட்டு நடைப்பயிற்சியையும் வீட்டு வேலையையும் மட்டும் தொடருங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும். மருந்துக்கு மாற்றாகத் தியானத்தை வைக்கவே கூடாது.

மண்டலம் முடிந்தபின் நேரத்தைப் பதினைந்து நிமிடமாகவும், சில மாதங்களில் இருபத்தைந்து நிமிடமாகவும் கூட்டலாம். அந்தக் கட்டத்தில் ஆசிரியர் ஒருவரை நேரில் காண்பது அவசியம். முதுகு சாய்ந்திருப்பது நமக்குத் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியும். ஜென் மரபில் தரப்படும் ‘கோவான்’ புதிர்களும் நூலில் விடை தேடக் கூடியவை அல்ல, ஆசிரியர் முன் அமர்ந்து பயில்பவை. தமிழ்நாட்டில் இதற்கு வழியுண்டு. கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் ‘போதி ஜென்டோ’ என்ற மையம் 1996 இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய ஆமா சாமி தமிழரான ஓர் இயேசு சபைத் துறவி. ஜப்பானின் காமகுராவில் யமாதா கோஉன் என்ற ஆசானிடம் பயின்றவர்.

இத்தகைய மையங்களில் அமர்வுகளோடு உடலுழைப்பு நேரமும் உண்டு. இந்த வழக்கத்துக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுபவர் 814 இல் மறைந்த பைஜாங் என்ற சீன ஆசான். முதுமையில் அவர் வயலில் உழைப்பதைப் பொறுக்காத சீடர்கள் கருவிகளை ஒளித்துவைத்தபோது, வேலை செய்யாத நாளில் உணவு இல்லை என்று சொல்லி, கருவிகள் திரும்பும்வரை அவர் உண்ண மறுத்துவிட்டாராம். முதல் முறை போகும்போது எந்த வேலை வேண்டும் என்று தேர்ந்தெடுக்காமல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத் தொட்டியே கிடைத்தால், வீட்டில் செய்ததுபோல டம்ளர்களிலிருந்து தொடங்குங்கள்.